அனனியாவுக்கு எரேமியா சொன்ன பதில்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

மாலையில் ஜெயசிங் வந்திருந்தான். வந்திருந்தார் என்று எழுத வேண்டும். இப்போது அவர் எங்கள் சபையின் போதகர். இறையியல் கல்லூரியில் என் எபிரேய வகுப்பில் இரண்டு முறை தோற்றவர். மூன்றாம் முறை, இனியும் அந்த விடைத்தாளைப் படிக்கத் தெம்பில்லாமல் நான்தான் தேர்ச்சி போட்டேன்.

"லெந்து நோன்புக் காலத்துல வெள்ளிக்கிழமதோறும் வேதபாடம் வைக்கலாம்னு கமிட்டியில பேசினோம், சார். தீர்க்கதரிசிகள நீங்க எடுக்கணும். உங்கள இங்க வச்சிக்கிட்டு வெளியூர்லருந்து ஆள் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

"அவன் சம்மதிச்சிட்டான், ஐயா," என்றாள் வயலா அக்கா, டீயை வைத்துக்கொண்டே. "இங்க வந்ததுலருந்து மாடியில சுவத்துக்குத்தான் பாடம் எடுத்துக்கிட்டிருக்கான். சுவரு நல்லாப் படிக்குது."

ஜெயசிங் சிரிப்பை டீயில் மறைத்தார். கல்லூரியில் பழைய ஏற்பாட்டுத் துறையின் தலைமை என்னைவிடப் பதினொரு வயது இளைய ஒருவருக்குப் போனபோது, 'எல்லாரோடும் ஒத்துப்போகிறவர்' என்று காரணம் சொன்னார்கள். தீர்க்கதரிசி எரேமியா யாரோடு ஒத்துப்போனார் என்று கேட்டேன். ராஜினாமா கொடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. தூத்துக்குடியில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

சம்மதம் என்று போதகருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கைகூப்பிய படம் ஒன்று வந்தது. மொழி வராதவர்களுக்கு வசதியான ஏற்பாடு.

பிப்ரவரி 20, வெள்ளி

முதல் வகுப்பு. ஆலயத்தின் பக்கத்து மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மின்விசிறி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம்.

வாக்குத்தத்த அட்டையில் ஆரம்பித்தேன். புத்தாண்டு ஆராதனையில் தட்டில் குவித்து வைக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். கைக்கு வந்த வசனம் அந்த வருடத்துக்குக் கர்த்தர் நமக்கென்று சொன்னது. பிறகு அது குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கோ கைப்பேசி உறைக்கோ போகிறது.

"இந்த வருஷம் தீர்க்கதரிசிகள் புத்தகத்திலிருந்து அட்டை கிடைத்தவர்கள் கை தூக்குங்கள்," என்றேன். பாதிப் பேர் தூக்கினார்கள். "எரேமியா ஐம்பத்திரண்டு அதிகாரம். அதில் அட்டைக்குத் தேறுவது பத்துப் பன்னிரண்டு வரி. மற்றதெல்லாம் பஞ்சமும் பட்டயமும். அதை யாரும் தட்டில் வைப்பதில்லை."

"வச்சா எவன் எடுப்பான், சார்?" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். நெடுநாளாயிற்று.

முடிந்து எல்லாரும் எழுந்தபோது சொர்ணபாய் முன்னால் வந்தாள். அடுத்த தெருவில் தையல் வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கிளாட்வின், வயது இருபத்தாறு. டிசம்பர் ஆரம்பத்தில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றி மாலத்தீவுக்குக் கிளம்பிய தோணியில் வேலைக்குப் போனான். அந்த வாரமே கடலில் புயல். அதற்குப் பிறகு தோணியும் இல்லை, ஏழு ஆட்களும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து தன் அட்டையை எடுத்துக் காட்டினாள். எரேமியா முப்பத்தொன்று, பதினேழு. பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்கிற வசனம். புத்தாண்டன்று ஜெயசிங் அதைச் சபைக்குமுன் தூக்கிப் பிடித்து, இது கர்த்தரே பேசியது, கிளாட்வின் வருவான் என்றாராம். சபை எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னதாம். அன்று எனக்குச் சளி, நான் போகவில்லை.

"இது எனக்குள்ள வசனமா இல்லயா, சார்? அத மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற போதகர் இருமினார்.

"அடுத்த வாரம் இதையே எடுத்துக்கொள்வோம்," என்றேன்.

வீட்டுக்கு வரும்போது நடை இலகுவாக இருந்தது.

பிப்ரவரி 21, சனி

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "சொர்ணபாய்கிட்ட என்ன சொல்லப்போற?"

"உள்ளதை."

"உள்ளது என்ன?"

"அந்த வசனம் சிறைபோன ஜனங்களுக்குச் சொன்னது. அசீரியா, பாபிலோன் காலம்."

"அவ பாபிலோனப் பத்தியா கேட்டா?"

நான் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தேன்.

"தம்பி, மத்த ஆறு வீட்டுலயும் செத்துட்டாவன்னு ஆறுதல் ஜெபம் நடத்தலாம்னு ஒத்துக்கிட்டாவ. இவ ஒருத்திதான் தெனமும் காலையில போயி தோணி மொதலாளி வாசல்ல நிக்கா, தேடுங்கன்னு. அந்த அட்டையப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கா. பாத்துப் பேசு."

உண்மையால் யாருக்கும் கேடு வராது என்றேன். அக்கா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். எல்லா மடத்தனத்தையும் கேட்ட முகத்தோடு காய்க்குத் திரும்பினாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

நன்றாகப் பேசினேன். இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அட்டை வசனத்துக்குச் சற்று முன்னால் வரும் ராமா என்பது சிறைபிடிக்கப்பட்டவர்களைக் கூட்டி நிறுத்திய இடம் என்று ஆரம்பித்தேன். ராகேல் என்றோ செத்துப்போன முன்னோர்த் தாய். தன் ஜனம் சங்கிலியில் நடந்துபோவதைப் பார்த்து அவள் அழுவதாகத் தீர்க்கதரிசி காண்கிறார். திரும்பி வருவார்கள் என்ற வாக்கு ஒரு ஜனத்துக்குக் கொடுத்தது. ஒரு தாய்க்கு அவள் மகன் என்ற கணக்கு அதில் கிடையாது. "சிறைபோனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்தார்கள். திரும்பி வந்தது பேரப்பிள்ளைகள்," என்றேன்.

ஜெயசிங் எழுந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. வசனம் அந்தக் காலத்தோட முடிஞ்சிருமா? இன்னைக்கி ஒரு தாய் அழுதா அதுக்கு ஒண்ணுமே சொல்லாதா?"

"அழுகை எல்லாக் காலத்துக்கும் பொது. வாக்குறுதி அப்படி அல்ல," என்றேன். பிறகு, அவர் கேட்டதற்குப் பதில் போல, ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த இருபத்தெட்டாம் அதிகாரத்தைத் திருப்பினேன்.

எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார், பாபிலோனுக்குப் பணிந்து பிழைத்திருங்கள் என்று சொல்லிக்கொண்டு. ஆலயத்தில் எல்லா ஜனத்துக்கும் முன்பாக அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷம், ராஜாவும் வருவார், சிறைபோனவர்களும் வருவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனத்துக்கு எவ்வளவு ஆறுதல் பாருங்கள். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. மக்கள் கேட்க ஆசைப்பட்டதைக் கர்த்தரின் பெயரைப் போட்டுச் சொன்னான். அந்த வருடமே செத்தான்.

நான் ஜெயசிங்கைப் பார்க்கவில்லை. அவசியம் இருக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"அப்போ இது எனக்குள்ளது இல்ல," என்றாள் சொர்ணபாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இல்லை, அம்மா."

"சரி, சார்."

அட்டையைக் கூட்டில் போட்டு மூடினாள். அவள் வெளியே போகும்வரை யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. முடிவு ஜெபத்தைப் போதகர் செய்தார். என்னைப் பெயர் சொல்லி எனக்காகவும் ஜெபித்தார். அது ரசக்குறைவு என்பது என் கருத்து.

ஆட்டோவில் அக்கா என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 28, சனி

காலையில் தோசை வந்தது. பேச்சு வரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

ஜெயசிங் பிரசங்கத்தை ஆரம்பிக்காமல் பீடத்தைவிட்டு இறங்கி முன்வரிசைக்கு எதிரே வந்து நின்றார்.

"புத்தாண்டு அன்னைக்கி, கர்த்தர் சொல்றார்னு நான் ஒரு காரியம் சொன்னேன். கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அந்தம்மா அழுததப் பாத்துத் தாங்காம நானாச் சொன்னது. அவங்ககிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கேன். சார் வசனத்த எடுத்துக் காட்டினது நல்லதாப் போச்சு."

பின்பு மேலே ஏறி, அன்றைக்குரிய பகுதியைச் சுமாராகப் பேசினார்.

தோற்றவன் முறைத்துக்கொண்டு திரிவான், அதைச் சில வாரங்கள் பார்க்கலாம் என்று இருந்தேன். இதற்கு நான் தயாரித்திருக்கவில்லை. சொர்ணபாய் ஆலயத்துக்கு வரவில்லை. நேர்வழியில் வராமல் மீன் மார்க்கெட் சந்து வழியாக வீட்டுக்கு வந்தேன். வெயில் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

அக்கா தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போய்வந்தாள். சொர்ணபாய் இப்போது தோணி முதலாளி வீட்டுக்குப் போவதில்லையாம். ஏழு பேருக்கும் சேர்த்து உயிர்ப்பு ஞாயிறு கழிந்து ஆறுதல் ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம்.

"நீ சொன்ன பெறவு போகலயாம்."

"நான் வசனத்துக்குத்தான் விளக்கம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை."

"ஆமா. நீ ஒண்ணும் சொல்லல."

மார்ச் 6, வெள்ளி

மூன்றாம் வகுப்பு. ஏசாயா. பாதி நாற்காலிகள் காலி. போதகர் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். தலை நிமிராமல் எடுத்தார். மாணவனாக இருந்தபோது செய்திருக்கலாம்.

செய்தித்தாளில் துறைமுகப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. தகவலுக்காக.

மார்ச் 10, செவ்வாய்

ஊரே கொண்டாடுகிறது. தீவுப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகக் காவலில் தமிழ் ஆட்கள் சிலர் உயிரோடு இருக்கிறார்களாம், கடலில் தத்தளித்தவர்களாம். யாருடைய மச்சானோ பார்த்தானாம். சொர்ணபாய் வீட்டுவாசலில் செருப்பு வைக்க இடமில்லை என்று அக்கா சொன்னாள். கொண்டாட்டத்தை ஆறப்போடச் சொன்னது ஜெயசிங் மட்டும்தானாம். "விசாரிச்சிட்டுப் பேசுவோம்" என்றாராம்.

எனக்குத் தலைவலி. நான் போகவில்லை.

மார்ச் 11, புதன்

தலைவலி தொடர்கிறது. தெருவில் பாட்டுச் சத்தம்.

அந்த மாதக் காற்றின் திசையைப் பார்த்தால் ஒரு மரத்தோணி அங்கே போய்ச் சேர வழி குறைவு. அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அப்படியே அவன் வந்தாலும் என் விளக்கம் தவறாகிவிடாது. ஒரு பையன் ஒரு துறைமுகத்தில் கரையேறுவதால் ராகேலின் வசனத்துக்கு அர்த்தம் மாறிவிடாது. இந்த வாக்கியத்தை ஏன் திரும்பத் திரும்ப அடித்து எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்கா கொண்டுவந்த கஞ்சியைக் குடிக்க முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அவர்கள் வேறு ஆட்கள். வேறு மாவட்டத்து மீன்பிடிப் படகு. காலையில் உறுதியாகிவிட்டது. வகுப்பை ரத்து செய்துவிட்டுப் போதகர் சொர்ணபாய் வீட்டில் இருக்கிறார்.

மதியம் நடந்ததை எழுதிவிட வேண்டும். லெந்து என்பதால் வீட்டில் மீன் இல்லை. புளிக்குழம்பு, அவியல், அப்பளம். சாப்பிட்டு முடித்து இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அக்கா கரண்டியோடு நின்றாள்.

"நாலு நாளா கோழி மாதிரி கொறிச்சே."

"தலைவலி."

"இப்ப தலைவலி எங்க?"

"போய்விட்டது."

சோற்றைப் போட்டாள். குழம்பையும் ஊற்றினாள். பிறகு, உப்பு கூடிவிட்டது என்று சொல்வதுபோல, கோபம் ஏதுமில்லாமல் சொன்னாள்:

"அந்தப் பய இல்லன்னு தெரிஞ்சதும் ஒனக்குப் பசி வந்துட்டு."

தட்டில் இருந்ததைச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் கூசியது. அவள் சமையலறைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், நான் எழுந்து போக வசதியாக.

மார்ச் 14, சனி

இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. செய்தித்தாள், அட்லஸ், தலைவலி, இரண்டாவது சோறு. நினைத்திருக்கிறேன்.

அடுத்த வகுப்புக்காக இருபத்தெட்டாம் அதிகாரத்தை மறுபடி திறந்தேன். அன்று மண்டபத்தில் நான் ஒரு வசனத்தை வாசிக்கவில்லை. ஆறாம் வசனம். மறந்து விட்டதல்ல. அனனியா எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று சொல்லி முடித்ததும் எரேமியா முதலில் சொல்லும் பதில் அது. ஆமென். கர்த்தர் அப்படியே செய்யட்டும், நீ சொன்னது நிறைவேறட்டும் என்கிறார். அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை, மற்றதெல்லாம்.

அந்த ஆமென் கிண்டல் என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் வாதிட்டிருக்கிறேன். பரிசு கொடுத்தார்கள். இன்று வாசிக்கும்போது அதில் கிண்டலே இல்லை. சிறைபோனவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். தான் பொய்யனாகிப் போனாலும் அவர்கள் வந்தால் போதும் என்று ஒரு மனிதர் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறார். நுகத்தை உடைத்தபோதுகூட மறுபேச்சுப் பேசாமல் தன் வழியே போகிறார். நான் மண்டபத்தில் அவர் போன வழியையும் சொல்லவில்லை. அனனியாவின் சாவுக்கு அவசரமாகப் போய்விட்டேன்.

மீகா தீர்க்கதரிசியும் அப்படித்தான். சீயோன் வயலாக உழப்படும் என்றார். உழப்படவில்லை. நூறு வருடம் கழித்து எரேமியாவின் விசாரணையில் மூப்பர்கள் அதை மீகாவுக்குப் பெருமையாகச் சொல்கிறார்கள்: ராஜா பயந்தார், கர்த்தர் மனம் மாறினார். சொன்ன கேடு நடக்காமல் போவதுதான் அவர்கள் வேலை முடிந்ததற்கு அடையாளம். எல்லாரையும் சேர்த்து வாசித்தால், நகரம் அழிகிறதா என்று பார்க்க வெளியே நிழலில் உட்கார்ந்தவன் ஒருவன்தான். யோனா. வருடாவருடம் அவனைப் பாடம் எடுத்தேன். மாணவர்கள் சிரிக்கும் இடத்தில் நானும் சிரிப்பேன்.

மார்ச் 16, திங்கள்

சொர்ணபாய் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே தையல் மெஷின் சத்தம் கேட்டது. பள்ளிச் சீருடைத் துணி குவிந்திருந்தது. ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

"அன்றைக்கு நான் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன், அம்மா," என்றேன். எரேமியாவின் பதிலைச் சொன்னேன். நீளமாகச் சொல்லாமல் இருக்க முயன்றேன்.

மிதியை நிறுத்தினாள். "அப்போ வரமாட்டாவன்னு அவருக்குத் தெரியும். வரணும்னு ஆசையும் இருந்திருக்கு."

"ஆமாம்."

"ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் துணிக்குவியலைப் பார்த்தேன். என்ன தெரிந்துகொண்டாளோ, அதைத் தெரிந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள்.

"அந்த வசனம் எனக்குள்ளது இல்லன்னு சொன்னியல்லா, அது சரியா தப்பா?"

"அது சரிதான், அம்மா. ஆனால் அவனைத் தேடக் கூடாது என்று எந்த வசனமும் இல்லை. அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்."

"அப்போ நாளைக்கிக் காலையில எங்கூட துறைமுக ஆபீசுக்கு வாங்க. அங்க உள்ளவன் இங்கிலீசுலயே பேசுதான். நான் தலையாட்டிட்டு வாரேன். ஒங்க படிப்பு அதுக்காவது ஆகட்டும்."

மார்ச் 17, செவ்வாய்

போனோம். அதிகாரி என்னைப் பார்த்து, நான் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சொல்வதற்குள் அவள் சொன்னாள். "எங்க ஆளு."

தீவு நிர்வாகங்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்று அதிகாரி வழி சொன்னார். அங்கேயே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வகுப்பு. விட்ட வசனத்தை வாசித்தேன். அட்டையைக் கேலி செய்த அதே பெரியவர் பின்னாலிருந்து கேட்டார்: "போன தடவ இத ஏன் விட்டிய, சார்? மறந்துட்டியளா?"

"இல்லை. தெரிந்தே விட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கதவருகே நின்ற ஜெயசிங்கிடம் போய், நான் அன்று செய்தது அவரைக் குறிவைத்து என்றேன். "தெரியும், சார்," என்றார். "நான்கூட உங்க பேப்பர்ல ரெண்டு தடவ பழிவாங்கியிருக்கேன்லா." அந்த விடைத்தாள்களைப் பற்றிச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

மறுபடி துறைமுக ஆபீஸ். பதில் இல்லை. திரும்பும்போது சொர்ணபாய் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள். லெந்துக்கு எதை விட்டேன் என்று கேட்டாள். நான் எதையும் விடவில்லை. "விட ஒங்ககிட்ட நெறைய கெடக்கே," என்றாள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பதில் வந்தது. ஜனவரியில் ஒரு சிறிய தீவின் கரையில் இரண்டு உடல்கள் ஒதுங்கியிருக்கின்றன. அடையாளம் தெரியாததால் அங்குள்ளவர்களே அடக்கம் செய்திருக்கிறார்கள். கூடவே ஒரு பலகை, தோணியின் பெயரில் பாதி. ஏழு குடும்பங்களிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும்.

நாங்கள் கேட்காதிருந்தால் இது வந்திருக்காது. அவள் வாசலில் நின்று சொன்னேன். "ரெண்டு பேருதான?" என்றாள். "அஞ்சு பேரு பாக்கி இருக்காவல்லா?"

"ஆமாம், அம்மா."

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, நண்பகலிலிருந்து மூன்று மணிவரை, முழுவதும் இருந்தேன். பின்வரிசை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அரசு மருத்துவமனை. ஏழு வீட்டு ஆட்களும் பெஞ்சில். மற்றவர்கள் முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டவர்கள். இப்போது அவர்களுக்கும் தங்கள் ஆள் மீதி ஐந்தில் ஒருவன் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மகனாக இருந்தால் தன் மகன் இல்லை. நான் வாரக்கணக்காகச் செய்த வேலையை இவர்கள் வேறு வழியில்லாமல் ஒரு காலை நேரம் செய்தார்கள். அதற்கே அவர்கள் முகம் வெளிறியிருந்தது.

சொர்ணபாயின் முறை வந்தபோது எழ மாட்டேன் என்றாள். "ரத்தம் குடுத்தா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"கொடுத்தால் இல்லை என்றும் தெரியலாம்."

"நீங்க என்ன நெனைக்கிய, சார்?"

நினைப்பதைச் சொல்வதில் எனக்குப் பயிற்சி உண்டு. அதை விட்டுவிட்டு, "அவனாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்," என்றேன்.

"வேண்டிக்கிடுதேன்னு நீங்க சொல்லி இப்பதான் கேக்கேன்," என்று கையை நீட்டியபடி உள்ளே போனாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முடிவு வரவில்லை. ஆறுதல் ஜெபத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறேன்.

ஏப்ரல் 30, வியாழன்

வேண்டுகிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. விளக்கம் சொல்லாமல் வேண்ட எனக்குத் தெரியவில்லை. நடுவில் கர்த்தருக்கு அடிக்குறிப்பு கொடுக்கிறேன்.

மே 9, சனி

காலையில் அழைப்பு வந்தது. அந்த அதிகாரி தமிழிலேயே பேசினார். ஒன்று மட்டும் பொருந்துகிறது, மற்றதில் முடிவு எடுக்க முடியவில்லை என்றார். யார் என்று கேட்டேன். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில், கர்த்தர் அறிய, அவன் வேண்டாம், அவன் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கிளாட்வின் என்று பெயர் வந்தது. உடனே, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒன்று தலையைத் தூக்கி, நான் சொன்னேனே என்றது. மிகச் சிறியது. ஒரு கணம்தான். இருந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயர கூட்டிக்கிட்டுப் போ," என்றாள். ஜெயசிங்கை அழைத்தேன். வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். அவருக்காகக் காத்திருக்காமல் நடந்தேன். வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஜெயசிங்கே சொல்லிவிடட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதனால்தான் நிற்காமல் நடந்தேன்.

தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்ததும் நின்றது.

அவள் ஊசியின் அடியிலிருந்த துணியை எடுக்கவில்லை. கையை அதன்மேல் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றி நின்றேன்.

"சொல்லுங்க, சார்," என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குத்தலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த வாக்கியம் அது.

சொன்னேன்.